மாமா தள்ளிய கறித்துண்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் பல்லாவரத்தில் இருந்தோம். என் மாமனாருக்கு அங்கே தோல் மண்டி. ஒரே வருஷத்தில் மேலும் கீழுமாக அவருக்குப் பல் முழுவதும் போய்விட்டது. தாம்பரம் ஸ்டேஷன் அருகே ஒரு டாக்டரிடம் போய்ப் பல்செட் கட்டிக்கொண்டு வந்தார். போட்டால் ஈறு புண்ணாகிறது என்று அதை ஜிப்பாப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவார். உட்கார்ந்தால், எழுந்தால் கடகடவென்று சத்தம் கேட்கும்.

அதுகூடப் பரவாயில்லை. எல்லாருடனும் சாப்பிட உட்காருவதையே நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவதுதான் வழக்கம். மெல்ல முடியாமல் எதையாவது துப்பும்படி ஆனால் மற்றவர்களுக்கு அருவருப்பாக இருக்குமே என்று அவருக்குக் கூச்சம். தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பார். இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்தேன். கறியைக் கொத்திக் குழைய வேகவைத்தேன். "போதும்மா" என்று பாதியிலேயே கை கழுவிவிடுவார். சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று.

இந்த லட்சணத்தில் என் கடைசி நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையோடும் சம்பந்தியோடும் முதல் சஹனில் உட்கார்ந்தாக வேண்டும். உட்காராவிட்டால், எங்களோடு சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று கேட்டுவிடுவார்கள். மாமாவோ, "நான் மேல்வேலை பாத்துக்கறேன்" என்று ஒரே பிடியாக நின்றார். கல்யாணத்தன்று காலையில் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி என்ன மாமா பயம்? நெய்ச்சோறு தானா வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும்."

"சோறு போயிடும்மா. கறி? சம்பந்தி நல்ல துண்டாப் பாத்து என் பக்கம் தள்ளுவாரே. திருப்பித் தள்ளினா மரியாதையா இருக்குமா?"

அது நியாயம்தான். சஹனில் நல்ல கறியைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறவனை எங்கள் ஆட்கள் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அடுத்தவர் பக்கம் தள்ளுவதுதான் அழகு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவர் தள்றதுக்கு முன்னாடி நீங்க தள்ளிடுங்க. பொண்ணைப் பெத்தவர் உபசரிச்சா யார் வேணாங்கப்போறா? நடுநடுவுல தால்ச்சா ஊத்திப் பிசைஞ்சு சோத்தை மட்டும் முழுங்குங்க."

"அதிகப்பிரசங்கி" என்றார். ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மாமாவின் கை ஓயவில்லை. மாப்பிள்ளை பக்கம் ஒரு துண்டு, சம்பந்தி பக்கம் ஒரு நல்லி. சம்பந்தி திக்குமுக்காடிப் போனார். "இப்படி ஒரு உபசரிப்பை நான் பாத்ததில்ல மச்சான்" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால், மாமா சமையல்கட்டு வாசலில் நிற்கிறார். தள்ளிய மும்முரத்தில் அவர் வாய்க்குள் நாலு கவளம்கூடப் போகவில்லை. நானும் காலையிலிருந்து பட்டினி. சஹனில் சோற்றைக் குழைத்து வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"நீயும் உக்காரும்மா" என்றார்.

மருமகளாக வந்து ஒன்பது வருஷத்தில் அவரோடு நான் ஒரே சஹனில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தேன். இரண்டாவது வாயிலேயே அவருக்கு ஒரு ஏலக்காய் அகப்பட்டு, கையில் துப்ப வேண்டியதாயிற்று. சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். நான் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சோற்றில் கை வைத்தார்.

தட்டில் ஒரே ஒரு கறித்துண்டு மிஞ்சியிருந்தது. அதை என் பக்கம் தள்ளினார்.

"நீ கடி. நான் பாத்துக்கிட்டே சாப்பிடறேன்."

கடித்தேன்.