சங்கரா கானாங்கெளுத்தியான காட்சி

போன வாரம் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது என் அக்கா பையன் ஒரு வீடியோ அனுப்பினான். யாரும் கண்டுகொள்ளாமல் போன நல்ல படங்களைப் பற்றித் தாடிக்காரப் பையன் ஒருவன் பேசுகிறான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவிடம் வளரும் பதினாறு வயதுப் பெண்ணின் கதை என்று அவன் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் உதவி இயக்குநராக வேலை பார்த்த முதல் படம் அது.

"அம்மா அடிக்கும்போது பலகைல சிவப்பு மீன். கட்டிப்பிடிக்கும்போது வெள்ளி மீன். கோபம் மன்னிப்பா மாறுது பாருங்க," என்றான். காபி மூக்கில் ஏறிவிட்டது. அது குறியீடெல்லாம் இல்லை ஐயா, அடியேன்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் மந்தைவெளிக்காரன். ஏகாதசியன்று வெங்காயம்கூட ஒளிந்துகொள்ளும் வீடு எங்களுடையது. சினிமாவில் சேர்ந்ததைச் சொல்லத் தைரியமில்லாமல், கடலைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று கயிறு திரித்து வைத்திருந்தேன். சாயங்காலம் என் சட்டையை அம்மா இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பாள். "கடலைத்தானேடா படம் எடுக்கறேள்? உள்ளே இருக்கறதை எதுக்கு ஆத்துக்கு எடுத்துண்டு வரே?" என்பாள்.

அந்தச் சட்டை வாடை என்றாலே எனக்கு லட்சுமியக்காதான். நிஜமாகவே மீன் விற்றவள். படத்தில் அம்மாவாக நடிக்க அவளைத்தான் பிடித்தோம். முதல் டேக்கிலேயே மகளை விட்ட அறையில் யூனிட்டே ஓரடி பின்வாங்கியது. "அடுத்த படத்துலயும் நீங்கதாம்மா அம்மா," என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார். அக்கா அதைக் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அறைந்த மகளைக் கட்டிக்கொண்டு அழுவதற்குள் மழை வந்து கெடுத்தது. மிச்சம் மறுநாள். "அதே மீனை வாங்கி அதே மாதிரி வை," என்பது எனக்கு உத்தரவு. என் நோட்டில் எல்லாம் பக்காவாக இருந்தது: மீன் பன்னிரண்டு, தலை இடது பக்கம். விடிகாலையில் கரைக்குப் போய், அளவு பார்த்து, எண்ணி வாங்கி, தலையை இடது பக்கம் வைத்து அடுக்கினேன். நேற்று சிவப்பாக இருந்ததே என்று ஒரு கணம் உறுத்தியது. கீரை வாடினால் நிறம் மாறுகிறதே, மீனும் அப்படித்தான் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இதைப் படிக்கும் கடலோரத்து நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னா நைனா, நேத்து சங்கரா, இன்னிக்கி கானாங்கத்தயா?"

சிவப்புச் சங்கராவுக்குப் பதில் வெள்ளிக் கானாங்கெளுத்தியை அடுக்கி வைத்திருந்தேன். அந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு உதவி இயக்குநர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். "அக்கா, சொல்லிடாதீங்க. என்னைத் தூக்கிடுவாரு," என்று கெஞ்சினேன். அவள் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, கேமரா ஓடியதும் அழுதாள். அப்படியொரு அழுகை. இயக்குநரும் சைவம். எடிட்டிங்கில் நிறம் இடித்தபோது எல்லாரும் சேர்ந்து மேகமூட்டத்தின் மேல் பழியைப் போட்டார்கள்.

படம் வெளியான அன்று குப்பமே மயிலாப்பூர் தியேட்டரில் இருந்தது. அறை விழுந்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடுத்த ஷாட் வந்தது. இருட்டில் ஒரு பெண் குரல், "ஏ லச்சுமி, சங்கராவ வித்துட்டு கானாங்கத்த எப்போடி வாங்கியாந்த?"

அவ்வளவுதான். அரங்கம் வெடித்துச் சிரித்தது. திரையில் அக்கா கதறக் கதற, சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. படம் ஆறு நாள் ஓடியது.

அன்று வெளியே படிக்கட்டில் இயக்குநர் முகம் வெளிறி நின்றார். "மீனை மாத்தினது யாரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "நான்தான் சார். சங்கராவ நல்ல வெலைக்கி கேட்டாங்கோ, வித்துட்டேன். கையில கீறத வச்சேன்." அவர் படியிறங்கிப் போய்விட்டார். அடுத்த படத்து அம்மா வேடமும் அவரோடு போய்விட்டது.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?" என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டேன்.

"உன்க்கு வேல பூடும். என்க்கு நாளிக்கும் மீனு கீது. போ நைனா."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த படத்தில் வேறொரு நடிகைக்கு மீன் வெட்டக் கற்றுக்கொடுத்தார்கள். நான் கிளாப் கட்டையோடு பக்கத்தில் நின்றேன்.

வீடியோவைப் பார்த்த மறுநாள் பட்டினப்பாக்கம் போனேன். ரோட்டோரப் பலகைகள் இல்லை. டைல்ஸ் போட்ட கட்டடத்தில் நம்பர் போட்ட கடைகள். ஒரு பெண்ணிடம் விசாரித்தேன்.

"லச்சுமி ஆயாவா? அது செத்து பூட்டு ரெண்டு வருசம் ஆவுது சார். நீ யாரு?"

"அவங்க நடிச்ச படத்துல மீனை மாத்தினவன்."

அவள் சிரித்துவிட்டாள். "போ சார். அது ஆயாவே மாத்துனது. டைரக்டருக்கே அல்வா குட்த்தேன்னு சாவுற வரிக்கும் சொல்லி சொல்லி சிரிச்சினு இருந்துச்சி."

"இல்லம்மா, சத்தியமா நான்தான்."

"சரி சார், நீதான்," என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துவது போல.

அந்தத் தியேட்டரும் இப்போது அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. நான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் அக்கா. அவளும் போய்விட்டாள்.