பால்கனியில் வைத்த போத்தல்

பால்கனிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டினால் முதலில் சுடுவது போலத்தான் இருக்கும், குளிர் என்று பிறகுதான் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது. நோர்வேயில், ஒஸ்லோ நகரத்துப் புருசெத்தில் ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. அந்த மார்கழியில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் அந்தக் கண்ணாடியில் போய் நின்று, வெறும் பூச்சட்டிகளுக்குப் பின்னால் சாக்குப் போர்த்திக் கிடந்த ஒரு போத்தலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதைக் கொண்டுவந்தவர் பிரான்சில் இருந்த சித்தப்பா. அங்கே தலைமுறை தலைமுறையாகத் திராட்சை வளர்க்கும் ஒரு குடும்பத்திடம் அவர் வேலை செய்தார். எங்களுக்குத் திராட்சை என்றால் 'முந்திரிகை'தான். "கடையிலை வாறது நாலு தோட்டத்துப் பழத்தையும் கலந்தது அண்ணை. இது ஒரே ஒரு துண்டுக் காணியிலை காய்ச்ச முந்திரிகை. மருந்து ஒண்டும் அடிக்கிறேல்லை" என்று, தானே நட்டு வளர்த்தது போலப் பெருமையாகச் சொல்லி, அந்த நுரைக்கிற வைனை அப்பாவின் கையில் கொடுத்தார். போகும்போது வாசலில் நின்று, "சூடு மட்டும் படாமல் வையுங்கோ" என்றார். குளிரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்பா குடிக்கிறவர் அல்ல. ஆனாலும் அந்தப் போத்தலில் அவருக்கு ஓர் ஆசை விழுந்துவிட்டது. அவர் அப்போது பஸ் ஓட்டுவதில் 'விக்கார்', அதாவது யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுகிற ஆள். தொலைபேசி அடிக்குமா அடிக்காதா என்று நான்கு வருடம் காத்துக் கிடந்தவர். வேலை நிரந்தரம் என்று கடிதம் வருகிற அன்றைக்கு அதைத் திறப்பது என்று அவரும் அம்மாவும் முடிவு செய்து, உடுப்பு அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து மாமி வந்தார். மாமி அப்பாவின் மூத்த அக்கா, அப்பாவைப் படிப்பித்து ஆளாக்கியவர். திருவெம்பாவைக்கு விரதம், மச்சம் மாமிசம் மது எதுவும் கிட்டவும் வரக்கூடாது. அவருக்கு முன்னால் அப்பா நாற்பது வயதிலும் சின்னப் பிள்ளைதான். மாமி அந்த அலுமாரி இருந்த அறையில் தங்குவார், அதைத் திறப்பார் என்பதால், அவர் வருவதற்கு முதல் நாள் அம்மா போத்தலைப் பால்கனிக்குக் கொண்டுபோனார். குளிர்காலத்தில் ஒஸ்லோவில் எல்லா வீட்டுக்கும் பால்கனி இரண்டாவது குளிர்சாதனப் பெட்டி, சூடும் படாது. "மாமியிட்டை வாய் திறக்கப்படாது, விளங்குதோ?" என்று என் காதைப் பிடித்துச் சொன்னார்.

நான் வாய் திறக்கவில்லை. கண்ணைத்தான் மூட முடியவில்லை. அந்த வாரம் குளிர் இறங்கிக்கொண்டே போனது. சாக்கு விலகிய இடத்தில் போத்தலின் தங்கத்தாள் தெரிந்தது. முதலில் அது சும்மா சுருங்கியிருந்தது போலத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தாள் கிழிந்து, கீழே கட்டிய கம்பி இழுபட்டு, தக்கை ஒரு விரல் அகலத்துக்கு எழும்பி நின்றது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். வைன் உறைந்து வீங்குகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது, யாரோ உள்ளே இருந்து தள்ளுகிறார்கள் என்று நம்பினேன். படுத்தாலும் அந்த நினைவுதான்.

ஒரு நாள் பின்னால் வந்து நின்ற மாமி, "என்ன பிள்ளை அங்கை பாக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஸ்னோ, மாமி."

மாமியும் சற்று நேரம் வெளியே பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார்.

கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. மாமி கோயிலுக்குப் போயிருந்தார். அப்பா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார், அம்மா அழுதார். மாமி திரும்பி வருவதற்குள் ஒரு வாய் குடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், அப்பா செருப்புக்கூடப் போடாமல் பால்கனிக்குப் போய் போத்தலைத் தூக்கிவந்து, சமையலறை மேசையில் வைத்துக் குனிந்து, அந்தக் கம்பியை முறுக்கிக் கழற்றினார். "அப்பா" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் சத்தம் கேட்டதா, கேட்ட பிறகுதான் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தக்கை அவருடைய இடது கண்ணில் அடித்தது.

கண் போனது போனதுதான். அந்தக் கடிதத்தில் இருந்த வேலைக்கு இரண்டு கண்ணும் வேண்டியிருந்தது. பஸ் ஓட்ட வேண்டிய அப்பா, ஓய்வு பெறும்வரை ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைத்தார். மாமிக்கு, அப்பா பனியில் வழுக்கி விழுந்து கண்ணில் அடிபட்டது என்று சொன்னோம். மாமி அதை நம்பியது போலத் தலையாட்டினார்.

புருசெத்தில் இப்போது அந்தத் திறந்த பால்கனிகள் இல்லை, எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு மூடிவிட்டார்கள். சித்தப்பா அந்தத் தோட்டத்து வேலையை விட்டு எவ்வளவோ காலம். மாமியும் போன மாசியில் தவறிப்போனார். கடைசியாக லண்டன் ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் போத்தலை நான் வந்த ரெண்டாம் நாளே கண்டிட்டன், பிள்ளை. மூடி எழும்பி நிண்டதையும் கண்டனான். சொன்னால் தம்பி வெக்கப்படுவான் எண்டு காணாத மாதிரி இருந்திட்டன்" என்றார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என்மேல் உள்ள கோபமும்தான். அப்பாவோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் போகிறேன், ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் அவர் இருப்பார். மாமி சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவார்.