செத்துப்போன உளவாளி கம்பத்துக்கு வந்த கதை

அந்த ஆங்கில உளவாளிப் படத் தொடர் இனி எந்தப் பக்கம் போகும்? போன வாரம் இந்தப் பத்தியில் நான் கேட்டுவைத்த கேள்விக்கு உங்களிடமிருந்து வந்த பதில்கள் இருக்கின்றனவே... அப்பப்பா!

புது நாயகன் சின்ன வயசுக்காரராக இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். ஏன், பெண்ணாக இருந்தால் என்ன என்கிறார் இன்னொருவர். 'கடைசிப் படத்தில் நாயகனையே கொன்றுவிட்டார்கள், அப்புறம் எங்கிருந்து தொடர்வது?' என்று என்னிடம் கோபப்படுகிறவர்களும் உண்டு — ஏதோ நான்தான் கொன்ற மாதிரி!

ஞாயிற்றுக்கிழமை தேனியில் அந்தத் தொடரின் பழைய படம் ஒன்றைத் தமிழில் மறுபடி போட்டிருந்தார்கள். மேட்னி ஷோவுக்குப் போனேன். பின் சீட்டில் ஒரு பெண்மணி ஓயாமல் கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்.

"கார் பாலத்து மேல போகுது... பின்னாடியே ரெண்டு பைக்கு... ஒருத்தன் துப்பாக்கிய எடுத்துட்டான்..."

பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. திரும்பி, "எங்களுக்கும் கண்ணு இருக்கும்மா!" என்றேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு இல்ல சார். அதேன் சொல்லிட்டு இருக்கேன்."

சுருங்கிப்போனேன்.

இடைவேளையில் போய் மன்னிப்புக் கேட்டேன். கணவர் பெயர் முத்தையா. கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம். மனைவி பேச்சியம்மாள். கல்யாணமான மறு வருஷம், கிணறு வெட்டும்போது வைத்த வெடியில் முத்தையாவுக்கு இரண்டு கண்களும் போய்விட்டன.

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தே கெடந்தாக சார்" என்றார் பேச்சியம்மாள். "சோறு வேணாம்பாக. பேச்சே கெடையாது. ஒரு நா கையப் புடிச்சு இழுத்துட்டு இதே மாதிரி ஒரு படத்துக்கு வந்துட்டேன். பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாச் சொன்னேன். பாதிப் படத்துல, 'அப்புறம் என்னாச்சு?'ன்னு கேட்டாக பாருங்க..."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தத் தொடரில் ஒரு படத்தையும் இவர்கள் விட்டதில்லையாம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "கடைசிப் படத்துலதான் பாவம், அவர்..." என்று ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் பதறிப்போய், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"படகுல ஏறித் தப்பிச்சிட்டாருல்ல!" என்று முத்தையாவே முடித்தார். "கொச்சியில கரையேறி, குமுளி மலை வழியா எறங்கி, இப்ப எங்க தோட்டத்துலதேன் திராட்சை வெட்டுறாரு. தெனம் சாயங்காலம் இவ மிச்சக் கதையச் சொல்லிருவா. நேத்து வைகை அணையில குண்டு வைக்க வந்தவனப் புடிச்சாரு."

கோடி கோடியாகப் போட்டுப் படம் எடுக்கிறவர்களே அடுத்து என்ன என்று விழிக்கிறார்கள். இங்கே இந்த அம்மா திராட்சைக் கொடி கட்டிக்கொண்டே தினம் ஒரு காட்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்!

பேச்சியம்மாள் டீ வாங்கப் போனார். முத்தையா என் பக்கம் சாய்ந்தார்.

"அவன் செத்தது எனக்குத் தெரியும் சார்."

"எப்படி?"

"அந்தக் கடைசிப் படத்துல தியேட்டரே கப்சிப்புன்னு ஆயிருச்சு. பக்கத்து சீட்டுல மூக்க உறிஞ்சுறாக. இவ மட்டும் குரல் நடுங்க நடுங்கப் படகு ஓட்டுறா..."

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"எதுக்குக் கேக்கணும்?" என்று சிரித்தார். "இவ பொழைக்க வச்ச ரெண்டாவது ஆளு சார் அவன்."