நோன்பில் அடங்கிய வயிறு

வயிற்றில் முதல் குத்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், நெரிசலில் நின்ற பஸ்ஸுக்குள் வந்தது. இறங்கி ஓடினேன். ஒரு சைவக் கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பின்பக்கம் கையைக் காட்டினார். அவருக்காக இன்றும் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். ஒரு வருடத்துக்குள், அக்குறணைக்கும் கண்டிக்கும் இடையில் எந்தக் கடையில் கழிவறை உண்டு, எதில் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

கண்டியில் உள்நோக்குப் பரிசோதனை (பெருங்குடலுக்குள் சிறு கமராவை அனுப்பிப் பார்ப்பது) செய்தார்கள். புற்றில்லை, புண்ணில்லை. ‘எரிச்சலுறும் குடல்’ (பார்வைக்குச் சுகமான குடல், வேலையில் மட்டும் தாறுமாறாக நடப்பது) என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர்.

“சாகிற வருத்தம் இல்லை. ஆனா முழுசா மாறவும் மாறாது. குளிசையை உங்கட எண்ணத்துக்கு நிப்பாட்டக் கூடாது.”

“அப்ப இதுவும் ஒரு கலியாணம்தான், டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவியும்தான்.

ஆறு வருடம் ஒழுங்காக இருந்தேன். சாப்பாட்டுக்கு முன் குளிசை (குடல் தசையின் பிடிப்பைத் தளர்த்தும் மாத்திரை). பாலில்லை, நெய்யில்லை. தின்றதையும் அதன் விளைவையும் ஒரு கொப்பியில் எழுதினேன்.

ஏழாம் வருடம் நோன்பு மாதம் முழுக்க வயிறு மூச்சு விடவில்லை. பகலெல்லாம் வெறுமையாய்க் கிடந்த குடல் எதை வைத்துச் சண்டை பிடிக்கும்? நானோ சுகமாகிவிட்டதென்று தீர்ப்பெழுதி, பெருநாளோடு குளிசையை விட்டேன்.

பத்தாம் நாள் மூத்த மகளின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சஹனில் (ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்பது) என்னையும் இருத்தினார்கள். பெண்ணைக் கொடுப்பவன் கையை மடக்கிக்கொண்டு இருக்கலாமா? நெய்ச்சோறு. பிறகு தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலாப்பம்.

மாலை அசர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில், தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்படைக்க வேண்டும். உட்கார்ந்ததுமே குடல் முறுக்கியது. இரண்டு தடவை எழுந்து போய் வந்தேன். மூன்றாவது தடவை கழிவறையை விட்டு வெளியே வர முடியவில்லை. ‘நானா’ (அண்ணா) என்று தம்பி கதவைத் தட்டினான்.

“நானா, எல்லாரும் பாத்துக்கொண்டு ஈக்கிறாங்க. காவின் பதிவு எழுத வந்தவருக்கு அடுத்த நிக்காஹ் கம்பளையிலயாம்.”

“என்ட பேரில நீயே கையப் புடிடா.”

“நெசமாவா?”

“பொய் சொல்ற எடமாடா இது?”

தம்பியின் குரல் என் மகளின் பெயரைச் சொல்லி ஒப்படைப்பதை, ஒலிபெருக்கியில், வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தோடு கேட்டேன்.

வீட்டில் மகள் தோளில் சாய்ந்தாள். “அழுதழுது வெளிய வராமலே ஈந்தீங்களாமே வாப்பா. சாச்சா சொன்னாரு.”

தம்பி சுவரைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

இதே குடல் வருத்தத்தோடு இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: வயிறு அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் குளிசை தேவை. உடம்பை நான் இப்போது சம்பந்தி மாதிரி நடத்துகிறேன். சிரித்த முகமாக இருந்தாலும் நம்புவதில்லை.

மருமகன் வந்தால் சலாம் சொல்லிக் கை தருகிறார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறேன். அன்று பள்ளிவாசலில் பிடிக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு நிமிடம். இப்போது எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது சலாம்தான்.