பேச்சில்லாத பக்கங்கள்

எங்கள் நான்கு பேருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் காமிக்ஸ் படிக்கக் கூடுகிறோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொன்னதில்லை. என் மனைவிக்கு மட்டும் தெரியும். "சீட்டாடப் போறாருன்னாக் கூட நாலு பேர்ட்ட கௌரவமாச் சொல்லிக்கலாம்" என்பாள்.

கூடும் இடம், கம்பத்துக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தின் மோட்டார் அறை. தோட்டம் எங்களில் ஒருவனுடையது. இன்னொருவன் கூடலூரில் ஜீப் ஓட்டுகிறான். விடிவதற்குள் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலையேறி, ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவான். மூன்றாமவன் உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். நான் ஓர் உரக்கடையில் மூட்டை எடுத்துப் போடுகிறவன். பத்தாம் வகுப்போடு நின்றவன். கடையில் பேசுவதெல்லாம் முதலாளி. எனக்கு வாய்த்தது "எத்தன மூட்டை", "வண்டி எங்கன நிக்குது" இரண்டும்தான். வாரம் முழுவதும் அந்த இரண்டோடு ஓடிவிடும்.

நாங்கள் படிப்பது ஒரே தொடர். வெளிநாட்டுக் கதை, தமிழில் வருவது. அபூர்வ சக்தி உள்ள ஐந்து பேரின் அணி. தாடி வைத்த தலைவன், நெருப்பை வரவழைக்கும் பெண், பறக்கிறவன், கிழட்டு டாக்டர். ஐந்தாவது ஆள் இரும்பு முகமூடி போட்டிருப்பான். அதில் கண்களுக்கு ஓட்டை உண்டு, வாய்க்குக் கிடையாது. அவன் பேசவே மாட்டான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அந்தப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் வரும். நான்கு தலைகள் ஒரு புத்தகத்தின் மேல் குனிந்தால் யாருக்குமே படம் தெரியாது. அதனால் பங்கு போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தோம். தோட்டக்காரன் தலைவன். ஜீப்காரன் பறக்கிறவன், வில்லன்கள் எல்லோரும் அவன்தான். எழுத்தனுக்கு டாக்டரும் நெருப்புப் பெண்ணும். அப்போது அவனுக்குக் குரல் உடையவில்லை. இப்போது மீசை நரைத்துவிட்டது, இன்றும் அவள் அவன்தான். எனக்கு மூன்று பேர் முன்னால் வாய் திறந்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். எனவே வாயில்லாதவனை எனக்குக் கொடுத்தார்கள். கூடவே, படங்களுக்குள் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் சத்தங்களையும்.

டமால், சடார், விர்ர்ர். அவை என்னுடையவை. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்ததால் கையால் செய்தேன். வருடங்கள் போகப் போக அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. சுவர் உடைந்தால் காலிப் பூச்சிமருந்து டிரம்மை உள்ளங்கையால் அடிப்பேன். யாராவது விழுந்தால் நனைந்த சாக்கைத் தரையில் போடுவேன். பறப்பதற்கு நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்று வைத்திருந்தேன். அதைத் தலைக்கு மேல் சுழற்றினால் உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் எழும்பும். வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஜீப்காரன் அந்த இரைச்சலுக்கு ஏற்றமாதிரி வசனத்தை இழுத்துச் சொல்வான்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அச்சில் இல்லாததைச் சொல்லக் கூடாது. சிறுவயதில் ஜீப்காரன் வில்லனுக்குச் சொந்தமாகக் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லிக் கதையைக் கெடுத்ததால் வந்த சட்டம். மீறினால் தலையில் கொட்டு.

இன்னொரு பழக்கமும் உண்டு. வாயில்லாதவன் தனியாக வரும் பக்கங்களில் எழுத்தே இருக்காது. மழையில் ஒரு கூரை மேல் உட்கார்ந்திருப்பான். அல்லது காலியான தெருவில் நடந்துபோவான். அந்தப் பக்கம் வந்ததும் புத்தகம் என் மடிக்கு வந்துவிடும். மூன்று பேரும் பேசாமல் இருப்பார்கள். நான் ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பேன். எனக்குப் போதும் என்று தோன்றும்போது பக்கத்தைத் திருப்புவேன். யாரும் அவசரப்படுத்தியதில்லை. மூன்று பேர் எனக்காகக் காத்திருப்பது வேறு எங்கும் நடந்ததில்லை.

போன வருடம் பதிப்பகத்தார் அணியை முதலிலிருந்து புதிதாகத் தொடங்குவதாக அறிவித்தார்கள். ரீபூட் என்றார்கள். முதல் புத்தகம் கூரியரில் வந்த வாரம் பந்தலில் பன்னீர் திராட்சை கறுக்கத் தொடங்கியிருந்தது. தடித்த அட்டை, வழவழப்பான தாள், முழு வண்ணம். தோட்டக்காரன் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தான்.

"என்னலே இது? தலைவனுக்குத் தாடியக் காணோம். எளவட்டமா நிக்கிறான்."

"மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறாகப்பா" என்றான் எழுத்தன். "பழைய கதையெல்லாம் நடக்கவே இல்லைன்னு வச்சுக்கணும்."

"நடக்கவே இல்லையா? அப்ப இத்தன வருசமா நாம படிச்சது?"

"அது வேற உலகத்துல நடந்தது. இது வேற உலகம்."

"எங்கன இருக்கு அந்த உலகம்? குமுளிக்கு அங்கிட்டா?" என்றான் ஜீப்காரன். "அங்கிட்டுன்னா நான் தெனமும் போறேன். கண்ணுல பட்டா விசாரிச்சுட்டு வாரேன்."

சிரித்தோம். படிக்கத் தொடங்கினோம். நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வாயில்லாதவனுக்காகக் காத்திருந்தேன். ஒரு பக்கத்தில் ஐந்து பேரும் வரிசையாக நிற்கும் படம் வந்தது. ஐந்தாவது இடத்தில் லேப்டாப் வைத்திருந்த ஒரு சின்னப் பெண் நின்றாள். அவள்தான் எல்லோரையும்விட அதிகம் பேசினாள். அவள் யார் பங்கு என்று ஒரு நிமிடம் தடுமாறி, எழுத்தனே அவளையும் எடுத்துக்கொண்டான்.

"ஏப்பா, இவன் ஆளு எங்க?" என்று ஜீப்காரன்தான் கேட்டான். நான் கேட்டிருக்க மாட்டேன்.

எழுத்தன் கடைசியில் இருந்த ஆசிரியர் பகுதியைப் புரட்டினான். "வெளிநாட்டுல வாசகர்கள்ட்ட கருத்துக் கேட்டாகளாம், அஞ்சு பேர்ல யாரு வேணாம்னு. நெறையப் பேரு இவனத்தான் சொன்னாகளாம். பேசாத ஆளால கதை நகர மாட்டேங்குதுன்னு."

"வாஸ்தவம்தான். நம்மாளு சேந்ததுல இருந்து நம்ம கதையும் நகரலையே" என்று ஜீப்காரன் என் தொடையில் தட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரி, சத்தமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் இல்லை. புதுப் பாணியாம், படத்துக்குள் சத்தம் எழுதுவதில்லையாம். ஒரு கட்டிடமே சரிந்து விழுந்தது, ஓர் எழுத்து இல்லை. என் கை பழக்கத்தில் டிரம் மேல் இறங்கிவிட்டது.

"அடிக்காதப்பா. அச்சுல இல்ல" என்றான் எழுத்தன்.

"ஒரு டொம்முதானப்பா, அடிச்சுட்டுப் போறான்" என்றான் ஜீப்காரன்.

"அப்ப ஒனக்கு மட்டும் எதுக்குத் தலையில கொட்டுனோம்? சட்டம்னா எல்லாருக்கும்தான்."

அவன் சொன்னது சரிதான். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மிச்சப் புத்தகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று படித்து முடித்ததும் தோட்டக்காரனுக்கும் எழுத்தனுக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. இது அணியே இல்லை, தாடியை எடுத்துவிட்டால் தலைவனா, எவனோ ஒருவனுக்கு அவன் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்றான் தோட்டக்காரன். படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது பார், கதை இப்போதுதான் நம்பும்படி இருக்கிறது, உனக்குப் புதிது என்றாலே ஆகாது, பந்தல் கம்பியைக்கூடத் துருப்பிடித்து அறுந்த பிறகுதான் மாற்றுவாய் என்றான் எழுத்தன். தோட்டத்தை இழுத்தது தப்பாகப் போயிற்று.

"என் எடத்துல ஒக்காந்துக்கிட்டு என் பந்தலையே பேசுவியா? இனிமே இந்தப் புத்தகம் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

"புத்தகம் வராத எடத்துக்கு நானும் வரல."

அடுத்த ஞாயிறு எழுத்தன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு ஜீப்காரனும் வரவில்லை. சண்டை செல்போனுக்குள் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் இந்தத் தொடரின் வாசகர்களுக்கென்று ஒரு குழு உண்டு. எங்கெங்கோ இருந்து ஆட்கள். அங்கே தினமும் இதே பேச்சுதான். வண்ணம் இருட்டாக இருக்கிறது என்று ஒருவர். நெருப்புப் பெண்ணின் உடை இப்போதுதான் மரியாதையாக இருக்கிறது என்று இன்னொருவர். மொழிபெயர்ப்பில் எல்லோரும் சென்னைக்காரர்போலப் பேசுகிறார்கள் என்று ஒரு குறை. பழைய வாசகர்கள் செத்தால்தான் தொடர் பிழைக்கும் என்றுகூட ஒருவர் எழுதினார், சிரிக்கும் பொம்மை போட்டு. எங்கள் தோட்டக்காரனும் எழுத்தனும் அங்கே எதிரெதிராக நின்று எழுதினார்கள். மோட்டார் அறையில் பேசியிருந்தால் ஒரு டீயில் முடிந்திருக்கும். நூறு பேர் பார்க்க எழுதியதால் இருவராலும் இறங்கிவர முடியவில்லை.

அந்தக் குழுவில் நான் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. ஒரு நாள் எழுதினேன். உரமூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, காலையில் ஆரம்பித்து, அழித்து அழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அனுப்பினேன். "வணக்கம். முகமூடி போட்ட பேசாதவரைத் திரும்பக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். அவர் வந்தால் எல்லோரும் சேர்ந்து படிக்க வசதியாக இருக்கும்." இரண்டாவது வரி வெளி ஆட்களுக்குப் புரியாது என்று அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஆட்கள் மூன்று பேருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

ஒரு பதில் வந்தது. யாரோ சின்ன வயதுப் பையன் போலிருக்கிறது. "யாரு ப்ரோ அது? அப்படி ஒருத்தர் டீம்ல இருந்தாரா?"

தோட்டக்காரனோ எழுத்தனோ அதற்கு விளக்கம் சொல்வார்கள் என்று சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் அன்று குழுவில் இருந்தார்கள். தாடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறி எழுத்தனைப் பார்க்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை வா என்று சொல்லத்தான் போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். "நீ அவன் கட்சியா, என் கட்சியா? மொதல்ல அதச் சொல்லு" என்றான். காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். தோட்டக்காரனிடம் போனபோது அவனும் அதையே கேட்டான். அவன் காப்பி தரவில்லை, திராட்சை கொடுத்து அனுப்பினான்.

சில வாரம் கழித்து ஜீப்காரன் எங்கள் கடைக்கு வந்தான். யாருக்கோ பொட்டாஷ் வாங்கிப்போக வந்தவன், ஜீப்பில் மூட்டையை ஏற்றும்போது சொன்னான்: "ரெண்டாவது புத்தகம் அருமையா இருக்குப்பா. போன ஞாயித்துக்கெழம உத்தமபாளையத்துல வச்சுப் படிச்சோம். அவன் ஆபீஸ்ல ரெண்டு எளவட்டங்க சேந்துக்கிட்டாய்ங்க. அந்த லேப்டாப்புப் புள்ளைக்கி ஒருத்தன் பேசுறான் பாரு, பின்னிட்டான்."

"என்னைய..." என்றேன்.

அவன் மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு என் தோளில் கை போட்டான். "ஒனக்குத்தான் அதுல வேல இல்லையேப்பா. வெயில்ல எதுக்கு ஒன்னைய அலையவிடணும்னுதான் கூப்புடல."

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். அவன் முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதனால் எனக்குக் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று. ஜீப் போன பிறகு முதலாளி என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று நினைவில்லை.

அந்த ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். அறுவடை முடிந்து பந்தல் வெறிச்சென்று கிடந்தது. தோட்டக்காரன் மோட்டார் அறையில் தனியாக இருந்தான். டிரம்மில் மருந்து கலந்து வைத்திருந்தது, தட்டிச் சத்தம் எழுப்ப முடியாது. "வா, வா. அவய்ங்க கெடக்காய்ங்க. நாம பழசப் படிப்போம்" என்று அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தான். அட்டை போய், காக்கி உறை போட்டது. எனக்குச் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. குழாயை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவன் தலைவனாகப் படித்தான். அப்புறம் பறக்கிறவன். அப்புறம் டாக்டர், நெருப்புப் பெண், வில்லன். எல்லாம் ஒரே குரல். யார் பேசுகிறார்கள் என்று அவனுக்கே குழம்பியது. பறக்கும் இடத்தில் நான் குழாயைச் சுற்றினேன். இத்தனை வாரம் ஜன்னல் வெயிலில் கிடந்ததில் வெடித்திருந்தது போல. காற்றுத்தான் வந்தது. அவன் நிமிர்ந்து பார்க்காமல் படித்துக்கொண்டே போனான். பாதி வசனங்களை மனதுக்குள் படித்துவிட்டுத் தாண்டினான்.

அடுத்து எந்தப் பக்கம் வரும் என்று எனக்குத் தெரியும். கூரை மேல் மழை பெய்யும் பக்கம். குழாயைக் கீழே வைத்துவிட்டு, மடியைச் சரிசெய்து உட்கார்ந்தேன்.

பக்கம் வந்தது. அவன் அதை ஒரு பார்வை பார்த்தான்.

"இதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, விரலை எச்சில்படுத்தித் திருப்பினான்.

கதை முடியும்வரை இருந்துவிட்டு, கம்பத்துக்கு பஸ் ஏறினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வீட்டில்தான் இருக்கிறேன். "என்ன, இன்னைக்கும் போகலையா?" என்று முதலில் மனைவி கேட்பாள். அவளும் சில வாரமாகக் கேட்பதை விட்டுவிட்டாள்.