மாதக் கடைசிக்காகக் காத்திருந்த அரிசி

ஜப்பான்காரன் காலத்தில் எந்தப் பொருள் எப்போது ஏறும், எது இறங்கும் என்று ஒருவருக்கும் புரியவில்லை. சுங்காய்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகள் வாங்க ஆளில்லாமல் புகைவீட்டிலேயே பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கோப்பெங்கில் ஈயம் தோண்டும் லம்பங்களும் மூடிக் கிடப்பதாகச் சொன்னார்கள். ஊருக்கே சோறு போட்ட ரப்பரும் ஈயமும் காசு பெறவில்லை. பன்றிக்குப் போடும் மரவள்ளிக் கிழங்குக்கு மட்டும் அப்படியொரு கிராக்கி!

என் வீட்டுக்காரர் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரர். வேலை நின்றதும் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரவள்ளி போட்டோம். ஒரு மாதப் பிறப்பில், முற்றாத கடைசி வரிசையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் மாட்டு வண்டியில் வந்த வியாபாரிக்கு விற்றார். வாழைமரம் அச்சடித்த ஜப்பான்காரன் நோட்டுகள் கை நிறையக் கிடைத்தன. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மகள் அப்போது கைக்குழந்தை, காய்ச்சலில் கிடந்து தேறியவள். கிழங்கை மசித்துக் கொடுத்தால் வாந்தி எடுப்பாள். அரிசிக் கஞ்சி மட்டுந்தான் வயிற்றில் தங்கியது. அரிசிப் பானையிலோ அடி தெரிந்தது.

“நாளைக்கே பீடோர் போயி அரிசி வாங்கியாந்துருங்க” என்றேன்.

“என்னா அவசரம்? மாசக் கடைசியில மொத்தமா வாங்கிக்கலாம்லா.”

தோட்டத்துப் பழக்கம் அது. மாதக் கடைசியில் சம்பளம், மறுநாள் கடை, அந்தச் சாமான்தான் அடுத்த சம்பளம் வரைக்கும். துரை ஓடிவிட்டார், கணக்கெழுதும் கிராணி ஓடிவிட்டார், சம்பளமே இல்லை. இவருக்கு மட்டும் மாதக் கடைசி இருந்தது. வாய் வலிக்கச் சொன்னேன். “காசு எங்க ஓடிப் போவுது?” என்று சிரித்தார். நான் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே வந்தேன். பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தாள்.

அவருடைய மாதக் கடைசி ஒருவழியாக வந்தது. பிள்ளையை என் இடுப்பிலும் சாக்கை அவர் தோளிலுமாகப் போட்டுக்கொண்டு பீடோருக்கு நடந்தோம். கடைக்காரப் பாய் நோட்டுக் கட்டைத் தொடக்கூட இல்லை.

“இது போன வார விலைக்கே பத்தாதுண்ணே. நாளைக்கு இன்னும் ஏறிடும். இந்த நோட்ட வாங்கி நான் என்ன செய்ய? கெழங்கு இருந்தா கொண்டாங்க, அரிசி தாரேன்.”

கிழங்கு! அதை விற்ற காசைத்தானே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையிலேயே அழுதுவிட்டேன். திரும்பும் வழி முழுக்க அவரைத் திட்டினேன். அவர் காலிச் சாக்கோடு தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும், விட்டுவைத்த அந்தக் கடைசி வரிசையை நானே பிடுங்கினேன். விரல் தடிமன்கூட இல்லாத கிழங்குகள். மறுநாள் அதைத் தலையில் சுமந்து போய், ஒரு பால் டின் அரிசியோடு திரும்பினேன்.

கஞ்சி காய்ச்சி ஊட்டும்போது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல எனக்கே சொன்னார்: “இந்தக் காலத்துல காச வச்சிருக்கக் கூடாது புள்ள. கையில கெடச்ச அன்னைக்கே சாமானா வாங்கிறணும்.”

கரண்டியை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதில் பிள்ளையின் கஞ்சி இருந்தது.