பிரான்சிலிருந்து வந்த பம்ப்

எங்கள் வீட்டில் உரக்கப் பேசும் உரிமை இரண்டே பேருக்குத்தான் இருந்தது. ஒன்று அத்தை, இன்னொன்று ஜீப். விடிவதற்கு முன்பே இரண்டும் சேர்ந்து தொடங்கிவிடும். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரும் அலாரம் வைத்து நான் பார்த்ததில்லை.

ஜீப் தாத்தா வாங்கியது. அவர் வேலை பார்த்த மில்லை மூடியபோது கையில் கிடைத்த பணத்தை வைத்து மற்றவர்கள் மனை வாங்க, அவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும், மணலிலும் சேற்றிலும் போகும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவர், தார் ரோட்டை விட்டு அதை ஒருநாளும் இறக்காமலே போய்ச் சேர்ந்தார். மணலில் இறக்கியவள் அத்தைதான், அப்பாவின் தங்கை. வைத்திக்குப்பத்தில் படகுகள் கரையேறும் இடம்வரை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவாள். மீன் எடுத்த பெண்களையும் அவர்களுடைய அன்னக்கூடைகளையும் ஏற்றிக்கொண்டு வில்லியனூர், திருக்கனூர் என்று சந்தை சந்தையாக இறக்கிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் கூடையைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். அத்தையின் ஜீப்பில் யாரும் யாரையும் பார்த்து முகம் சுளித்ததில்லை.

அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. வரன் வரும்போதெல்லாம், "நான் போய்ட்டா இவங்கள யாருண்ணே ஏத்திக்கினு போவாங்க?" என்று அப்பாவைக் கேட்பாள். அப்படியே அந்த வரன் ஓய்ந்துவிடும். எனக்கு அது பெரிய நிம்மதி. அத்தை தலைவாரிவிட்டால்தான் நான் பள்ளிக்கூடம் போவேன், அத்தை ஊட்டினால்தான் காய்ச்சலில் கஞ்சி குடிப்பேன். அம்மாவிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம்தான் சொல்லுவேன். அத்தை இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

எனக்குப் பத்து வயதானபோது பிரான்ஸ் வரன் ஒன்று வந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே தபால் துறையில் வேலை, பிரெஞ்சு நேஷனாலிட்டி. புதுச்சேரியில் அந்த ஒரு வார்த்தை போதும், மற்றதெல்லாம் சம்பிரதாயத்துக்குக் கேட்பதுதான். அப்பாவின் நடையே மாறிவிட்டது. மாப்பிள்ளையின் போட்டோவை டிவி மேல் வைத்தார். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் பார்த்தேன். எவ்வளவு தேடியும் குறை ஒன்றும் அகப்படாததால் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து ஜீப் நின்றது.

கோடை விடுமுறை, நானும் வண்டியில் இருந்தேன். கூடைகளோடு மணலைத் தாண்டி ரோட்டில் ஏறியதுமே இருமத் தொடங்கி, கொஞ்ச தூரத்தில் ஓய்ந்துவிட்டது. அத்தை பானெட்டைத் தூக்கினாள். இன்ஜினின் பக்கவாட்டில் டீசல் வழிந்துகொண்டிருந்தது. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளும் பம்ப், உள்ளே ரப்பர் கிழிந்து, வேலையை விட்டுவிட்டிருந்தது. ஒரு கைக்குள் அடங்கும் சாமான் அது. இவ்வளவு பெரிய வண்டி அதை நம்பித்தான் ஓடியது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நாளைக்கி வந்துடுவியாம்மா?" என்று அஞ்சலாட்சி அக்கா கேட்டார். மீன் விற்கும் பெண்களில் மூத்தவர் அவர்தான்.

"வந்துடுறேன்க்கா" என்றாள் அத்தை. ஆனால் குரலில் சுருதி இல்லை. பெண்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வெயிலில் நடந்து போனார்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "நாம ஒண்ணும் நிறுத்தலியே. அதுவா நின்னுடுச்சி" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். முகத்தில்தான் வருத்தம் ஒட்டவில்லை. எனக்குக் கணக்கு பளிச்சென்று விளங்கியது. பம்ப் கிடைத்தால் வண்டி ஓடும், அத்தை இங்கேயே இருப்பாள். கிடைக்காவிட்டால் அவளைப் பிரான்சுக்கு அனுப்பிவிடுவார்கள். தெருமுனைப் பிள்ளையாருக்கு ரகசியமாக ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் உதிரிபாகக் கடையில், "அந்த இன்ஜின் செய்யுறத நிறுத்தியே எத்தினியோ வருசமாச்சும்மா" என்று சொல்லி, புது ஜீப்பின் பம்ப் ஒன்றைக் கொடுத்தார்கள். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. எனக்கு உயிர் வந்தது. ஆனால் இன்ஜினுக்குள் நீண்டு அசைய வேண்டிய லீவர் குட்டை. வண்டி இரண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. அத்தை அதைக் கழற்றினாள். அவள் திட்டாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு அப்பா சென்னைக்குப் போனார். புதுப்பேட்டையில் கிடைக்காத சாமான் கிடையாது என்பார்கள். அளவு பார்க்கப் பழைய பம்பைக் கொண்டுபோகச் சொல்லி அத்தை துணியில் சுற்றிக் கொடுத்தாள். டீசல் நாற்றத்தில் பையிலிருக்கும் சட்டை கெட்டுவிடும் என்று அப்பா அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், கண்ணளவில் ஒன்றை வாங்கி வந்தார். அது வேறு ஏதோ லாரிக்கானது. வேண்டுமென்றே செய்தாரா என்று நான் அவரை அன்று முழுக்கச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் அத்தை காலையில் எழுந்து, போக இடமில்லாமல், நிற்கும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்ணாகிவிட்டது.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்ஜினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, தீர்ப்பு சொன்னார்.

"இது பிரெஞ்சு இன்ஜின். நீங்க இங்க சுத்தினா எப்டிக் கெடைக்கும்? பிரான்சுலேர்ந்துதான் வரணும்."

யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. செண்ட், சாக்லேட், கம்பளி, பென்ஷன், மாப்பிள்ளை எல்லாம் அங்கிருந்துதானே வருகின்றன, பம்ப் வராதா? அந்த இன்ஜின் பிரெஞ்சுக்காரர்களின் வரைபடத்தை வாங்கி இந்தியாவிலேயே செய்தது, செய்தவர்கள் பம்பை நம் நாட்டுக்குத் தகுந்தபடி மாற்றியிருந்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. வேறு ஊராக இருந்திருந்தால் இன்னொரு மெக்கானிக்கைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் பிரான்சுக்குப் போன் போட்டோம்.

போன் போட்டது மாப்பிள்ளைக்குத்தான். அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறவர், வரும்போது வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டார். அப்பா குதிக்காத குறை. அத்தை, "பம்ப் மட்டும் கொண்டாரச் சொல்லுண்ணே" என்றாள். எனக்குத் தலை சுற்றியது. அத்தையை இருக்க வைக்கும் பம்ப், அத்தையைக் கொண்டுபோக வருகிறவர் பெட்டியிலா வரவேண்டும்? பம்ப் சேர்ந்தால் நன்றிக்காகவே அவரைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்களே, சேராவிட்டால் வண்டியே இல்லையே என்று படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லி. கேசரியும் காப்பியும் வருவதற்கு முன்பே, ஸ்வெட்டரில் சுற்றியிருந்த பெட்டியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். பட்டுப்புடவையில் இருந்த அத்தை அதை வாங்கிக் கூடத்திலேயே பிரித்து, உள்ளே போய்ப் பழைய பம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்பா கண்ணால் ஏதேதோ ஜாடை காட்டினார். அத்தை கவனிக்கவில்லை.

"லீவர் இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு. சேராதுங்க" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து வந்து இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமாங்க, சேராது" என்றார். சமாளிக்கவோ கடைக்காரனைத் திட்டவோ இல்லை. பிறகு, "வேற எங்க தேடலாம்?" என்று கேட்டார்.

"பழைய இரும்புக் கடைங்க பாக்கி இருக்கு. நாளைக்கிப் போறேன்."

"நானும் வரட்டுமா?"

அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணம் பேசி முடிக்காமல் இரண்டு பேரைச் சேர்ந்து அனுப்ப முடியாது, அனுப்பாமல் இருக்கவும் அப்பாவுக்கு மனமில்லை. அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, "இவளத் தொணைக்கி அனுப்பலாமே" என்றாள்.

இப்படித்தான் நான் காவலுக்கு அமர்த்தப்பட்டேன். என்னைப்போலக் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்த காவல்காரி இருக்கமாட்டாள். அத்தை அப்பாவின் மொபெட்டை ஓட்ட, நான் பின்னால் பழைய பம்பை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளை, டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடும் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் வருவார். அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் "இங்க பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எத்தனை இரும்புக் கடைகள் ஏறி இறங்கினோம் என்று நினைவில்லை. ஒவ்வொன்றிலும் குவியலுக்குள் கைவிட்டு ஒரு பம்பை எடுப்பார்கள். என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றில் லீவர் சரி, ஓட்டை சரியில்லை. இன்னொன்றில் எல்லாம் சரி, உடல் விரிசல். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஏறிக்கொண்டே போனது, அவர் அதைச் சட்டை செய்யவில்லை. போகப்போக அவருக்கும் லீவரைப் பார்த்ததுமே சேராது என்று சொல்ல வந்துவிட்டது. அவர் சொன்னதும் அத்தை சிரிப்பாள். பம்ப் கிடைக்காத நேரத்தில் என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காத அத்தை, மொபெட்டை மெதுவாக ஓட்ட ஆரம்பித்திருந்தாள். சில இடங்களில் நிறுத்தியே விடுவாள். மொபெட்டிலும் பம்ப் போய்விட்டதோ என்று நான் இறங்கிக் குனிந்து அடியில் டீசல் வழிகிறதா என்று பார்ப்பேன். அதற்குள் சைக்கிள் வந்து சேர்ந்துவிடும். வண்டியும் உடனே கிளம்பிவிடும்.

கடைசியில் நோணாங்குப்பத்தில், ஆற்றங்கரையில் கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு படகுக்குப் பக்கத்தில் கிடைத்தது. படகுக்காரர் எப்போதோ ஒரு பழைய ஜீப் இன்ஜினை அதில் இறக்கி ஓட்டியிருந்தார். இன்ஜின் இப்போது கீற்றுக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. அதன் பம்ப் மட்டும் நல்லபடியாக இருந்தது. அத்தை பழையதைப் பக்கத்தில் பிடித்தாள். ஓட்டை சரி, லீவர் சரி. டீசல் குழாய் மாட்டும் வாய் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது. நான் பிள்ளையாரைத் திட்டவே தொடங்கிவிட்டேன். அத்தை பம்பின் மேல் பாகத்தில் இருந்த திருகுகளைக் கழற்றி, அதை அரைச்சுற்று திருப்பி வைத்துப் பார்த்தாள். குழாயின் வாய் வேண்டிய திசைக்கு வந்துவிட்டது.

படகுக்காரர் தயங்கினார். மாப்பிள்ளை பையிலிருந்து பிரான்ஸ் பம்பைப் பெட்டியோடு எடுத்து நீட்டினார். அது அவரிடம் இருந்த எதற்கும் சேராது என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். "பிரான்சு சரக்கா?" என்று படகுக்காரர் அதை வாங்கி, பெட்டியின் எழுத்துகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கினு போங்க" என்றார்.

அன்று மத்தியானமே மாட்டினார்கள். குழாயில் காற்று புகுந்திருந்தால் வண்டி எடுக்காது. அத்தை மேலே ஒரு திருகைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை பம்பின் அடியிலிருந்த சின்னக் கைப்பிடியை அடித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் நொர வருது. அடிங்க. நிறுத்தாதீங்க" என்றாள் அத்தை.

நுரை நுரையாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் நுரை நின்று டீசல் தெளிவாக வழிந்தது. அத்தை திருகை இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை ஜீப் எங்கள் தெருவையே எழுப்புகிற குரலில் பேச ஆரம்பித்தது. நான் பிள்ளையாரிடம் ஓடினேன்.

மறுநாள் மணலில் இறக்கிப் பார்த்தார்கள். நிற்கவில்லை, இருமவில்லை. அத்தை பாதியில் இறங்கி, அஞ்சலாட்சி அக்காவை ஸ்டீரிங்குக்கு முன்னால் உட்கார வைத்து, கிளட்ச் எது கியர் எது என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தாள். வண்டி குதித்துக் குதித்துப் போக, பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். வண்டி கிடைத்த சந்தோஷத்தில் விளையாடுகிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் சிரித்து நாளாகியிருந்தது.

சாயங்காலம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். வண்டி ஓடத் தொடங்கியதும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

"அவங்க வீட்ல பதில் கேக்குறாங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

அத்தை தோட்டத்துக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"சரின்னு சொல்லிடுண்ணே."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அம்மா மட்டும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நான் ஓடிப்போய் அத்தையின் ஈரக் கையைப் பிடித்தேன்.

"அத்த, வண்டிதான் ஓடுதே."

"ஓடுதுடி."

"பம்ப் சேந்துடுச்சி அத்த. இனிமே நிக்காது. நீயே பாத்தியே."

"ஆமா, நிக்காது" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் சிரித்துக்கொண்டும் இருந்தாள். சோப்பு நுரை என் கன்னத்தில் ஒட்டும்படி என் முகத்தைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

இவ்வளவு நாள் அலைந்து திரிந்து பம்பைக் கண்டுபிடித்துவிட்டு, அதை எதற்காகத் தேடினோம் என்பதையே அத்தை மறந்துபோனாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், அலைச்சலில் அவளுக்கு எல்லாம் குழம்பிவிட்டது, காலையில் உட்காரவைத்து நிதானமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்று முடிவு செய்தேன்.